பாட்ஸ்குவாரோவில் எது பழையது?

மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தில் இருக்கும் பாட்ஸ்குவாரோ என்ற ஏரிக்கரை ஊருக்கு இரண்டு நாள் பயணமாகப் போகவிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "யுனெஸ்கோ அங்கீகரித்த பூர்வகுடிச் சமையல் என்கிறார்கள். படங்களைப் பார்த்தால் ஸ்பானியர் கட்டிய தேவாலயமும் ஓட்டு வீடும்தான் தெரிகிறது. தட்டில் பன்றிக்கறியும் சீஸும் இருக்கிறது. பூர்வீகம் எங்கே? நான் சைவம், எனக்கு அங்கே என்ன கிடைக்கும்?" எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்ற கேள்வி போலத் தோன்றினாலும் இவர் உண்மையில் கேட்பது வேறு. 'பாரம்பரியம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்களே, அது சரக்கா, வெறும் பலகையா என்பதுதான் கேள்வி. நியாயமான சந்தேகம். எனக்கே அது தீர இரண்டு மூன்று வருடம் ஆனது.

நான் தொழில்முறைச் சமையல்காரன். பாட்ஸ்குவாரோவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் மொரேலியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். விடுமுறை நாளில் பஸ் பிடித்து பாட்ஸ்குவாரோ சந்தைக்குப் போய்விடுவது வழக்கம். ஸ்பானிஷ் நன்றாகப் பேசுவேன். அந்தப் பகுதியின் பூர்வகுடி மொழியான புரேபெச்சா எனக்கு வராது. சந்தைப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது எனக்கு எட்டியதில்லை, எனக்காக ஸ்பானிஷில் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஊர். ஸ்பானியர் வருவதற்கு முன் இந்த ஏரியைச் சுற்றி ஒரு பெரிய அரசு இருந்தது. மெக்சிகோ என்றதும் நமக்கு அஸ்டெக்குகள்தான் நினைவுக்கு வருவார்கள், ஆனால் அவர்களாலேயே வெல்ல முடியாதவர்கள் புரேபெச்சாக்கள். 1470களின் இறுதியில் அஷாயாகத்ல் என்ற அஸ்டெக் மன்னர் படையெடுத்து வந்து பலத்த அடி வாங்கித் திரும்பினார். புரேபெச்சாக்கள் செம்பிலும் வெண்கலத்திலும் கருவிகள் செய்யத் தெரிந்தவர்கள். அவர்களுடைய தலைநகரம் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் சின்சுன்சான், அதாவது தேன்சிட்டுகளின் இடம். அங்கே ஒரே மேடையில் வரிசையாக ஐந்து கற்கோயில்கள் இன்றும் நிற்கின்றன. 'யாக்கத்தா' என்பார்கள். ஒரு பக்கம் வட்டமாகவும் மறுபக்கம் சதுரமாகவும், மேலிருந்து பார்த்தால் பழைய பூட்டின் சாவித்துவாரம் போல இருக்கும். பாட்ஸ்குவாரோ அவர்களுக்குப் புனிதத் தலம். தெய்வங்கள் இறங்கி வரவும் ஏறிப் போகவுமான வானத்தின் வாசல் இங்கேதான் இருக்கிறது என்று நம்பினார்கள். இது பிற்காலத்தில் யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. 1540 வாக்கில் ஒரு பிரான்சிஸ்கன் துறவி புரேபெச்சா முதியவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைத்த ஆவணத்திலேயே இருக்கிறது.

1522ல் ஸ்பானியர்கள் வந்தார்கள். கடைசி மன்னர் இரண்டாம் தங்காஷுவான் சண்டை போடவில்லை, பணிந்து போனார். அப்படியும் 1530 பிப்ரவரியில் நூனியோ தே குஸ்மான் என்ற ஸ்பானிய அதிகாரி அவரைச் சித்திரவதை செய்து கொன்றான். மலைகளுக்கு ஓடிப்போன மக்களைத் திரும்ப ஊருக்குள் அழைத்து வரும் வேலை ஒரு நீதிபதியிடம் வந்து சேர்ந்தது. அவர்தான் வாஸ்கோ தே கிரோகா. வாஸ்கோ என்றதும் கோழிக்கோட்டில் வந்திறங்கியவரை நினைக்காதீர்கள், இவர் வேறு ஆள். பிறகு இவரே மிச்சோவகானின் முதல் பிஷப் ஆனார், தன் ஆசனத்தைச் சின்சுன்சானிலிருந்து பாட்ஸ்குவாரோவுக்கு மாற்றினார். 1565ல் இறந்தார். இன்றைக்கும் அங்கே அவரை 'தாத்தா வாஸ்கோ' என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஊரில் 'தாத்தா' என்றால் அப்பா, பெரியவர். மூத்த பெண்களை 'நானா' என்று கூப்பிட வேண்டும். முதல் முறை காதில் விழுந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆனால் இது தற்செயல் ஒற்றுமை, குழந்தை வாயில் வரும் ஒலிகள் உலகம் முழுக்க இப்படித்தான். இதை வைத்து யாரும் லெமூரியா வரைக்கும் போய்விடவேண்டாம்.

கிரோகாவைப் பற்றி வழிகாட்டிகள் சொல்வதில் பாதி உறுதி, பாதி மரபு. தாமஸ் மோரின் 'உட்டோப்பியா'வைப் படித்து, அதன் பாணியில் பொது நிலம், ஆறு மணி நேர வேலை, நோயாளிகளுக்குப் பராமரிப்பு என்று சட்டம் எழுதிக் குடியிருப்புகள் அமைத்தார் என்பது உறுதி. ஏரிக்கரையில் இருக்கும் சான்டா ஃபே தே லா லகூனா அப்படி 1533ல் தொடங்கிய ஊர். ஆனால் 'ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு கைத்தொழிலை அவர்தான் சொல்லிக்கொடுத்தார்' என்று ஒரே போடாகப் போடுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். செம்புக்குப் பேர்போன சான்டா கிளாரா தெல் கோப்ரே பக்கமே இருக்கிறது. செம்பு வேலை அவர் பிறப்பதற்கு முன்பே இந்த மக்களின் கையில் இருந்த வித்தை. அவர் ஏற்பாடு செய்து கொடுத்திருப்பார், ஊக்கம் கொடுத்திருப்பார். எல்லாவற்றுக்கும் மூலகர்த்தா ஆக்கியது பக்தி.

ஐந்து கூடங்கள், கையின் ஐந்து விரல்கள் போல விரிந்து, ஒரே பீடத்தில் வந்து சேரும்படி ஒரு பேராலயம் கட்டத் திட்டமிட்டார் கிரோகா. கட்டி முடித்தது ஒரே ஒரு விரல். அதுதான் இன்று நீங்கள் பார்க்கும் பசிலிக்கா. உள்ளே பீடத்தில் இருக்கும் 'ஆரோக்கிய மாதா'வை நின்று பாருங்கள். அந்தச் சிலை மரமும் இல்லை, கல்லும் இல்லை. காய்ந்த மக்காச்சோளத் தட்டையின் உள்ளிருக்கும் சோற்றை எடுத்து மாவாக்கி, ஆர்க்கிட் கிழங்கிலிருந்து எடுத்த பசையில் பிசைந்து செய்தது. புரேபெச்சாக்களின் பழைய தொழில்நுட்பம். ஆளுயர உருவத்தைக் கூட ஒருவரே தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. உங்கள் கேள்விக்கு என் பதிலை ஒரே பொருளில் காட்டச் சொன்னால் இந்தச் சிலையைத்தான் காட்டுவேன். மாதா ஸ்பெயினிலிருந்து வந்தவள், உடம்பு சோளம். சமையலும் அச்சு அசலாக இப்படித்தான்.

1580ல் பிஷப் ஆசனம் இன்றைய மொரேலியாவுக்குப் போய்விட்டது. பாட்ஸ்குவாரோவுக்கு அது பெரிய இழப்பு, நமக்கு லாபம். தலைநகரப் பெருமை போன ஊரில் இடித்துக் கட்ட யாரிடமும் காசில்லை. அதனால்தான் வெள்ளையடித்த மண்சுவர், அடியில் செங்காவிப் பட்டை, சரிந்த ஓடு என்று ஊர் ஒரே முகத்தோடு மிஞ்சியது. பெரிய சதுக்கத்துக்கு கிரோகாவின் பெயர். பெரிய ஆஷ் மரங்கள், நடுவில் அவர் சிலை, சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரங்கள். மெக்சிகோவில் பெரும்பாலான ஊர்களின் தலைமைச் சதுக்கத்தில் ஒரு தேவாலயம் முகம் காட்டி நிற்கும், இங்கே இல்லை. அதே சதுக்கத்தில் கொலையுண்ட மன்னரின் மகன் அந்தோனியோ ஹுயிட்சிமெங்காரியின் பெயர் தாங்கிய மாளிகை இருக்கிறது. அப்பாவைக் கொன்றவர்களின் ஆட்சியில் மகன் ஆளுநராக இருந்தார். அந்த வாசலில் நிற்கும்போதெல்லாம் அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசிப்பேன்.

பக்கத்திலேயே சின்னச் சதுக்கம். 1817ல் விடுதலைப் போராட்டத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட ஹெர்த்ரூதிஸ் போகாநெக்ரா என்ற பெண்ணின் பெயர் அதற்கு. பழைய அகஸ்டீனியர் கோயில் இப்போது நூலகம். உள்ளே கோடிச் சுவர் முழுக்க ஹுவான் ஓ'கோர்மான் 1940களின் தொடக்கத்தில் தீட்டிய மிச்சோவகான் வரலாறு இருக்கிறது, நான் மேலே சொன்ன கதை முழுவதும் அதில் வரும். பதினொரு முற்ற வீடு என்ற பழைய கன்னியர் மடத்தையும் எல்லோரும் சொல்வார்கள். இப்போது கைவினைக் கடைகள், அரை மணி நேரம் போதும். ஏரியில் இருக்கும் ஹானிட்சியோ தீவில் விடுதலைப் போராட்டத் தலைவர் மொரேலோஸின் 40 மீட்டர் சிலையைப் படகிலிருந்து பார்த்தாலே எனக்குப் போதும். பட்டாம்பூச்சி வலை வீசும் மீனவர்கள் இன்றைக்கு வீசுவது பெரும்பாலும் உங்கள் கேமராவுக்காக.

இனி அடுப்பு. யுனெஸ்கோ 2010ல் பட்டியலில் சேர்த்தது மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை, அதற்கு எடுத்துக்காட்டாக வைத்தது மிச்சோவகானை. பலர் கவனிக்காத விஷயம், அவர்கள் அங்கீகரித்தது பதார்த்தங்களின் பட்டியலை அல்ல. விதைப்பதில் தொடங்கி, சோளத்தை வேகவைக்கும் முறை, அரைக்கும் கல், விழாவுக்குச் சமைக்கும் கூட்டு உழைப்பு வரை உள்ள மொத்த வழக்கத்தை. எனவே 'இந்த சூப் ஆயிரம் வருடப் பழமை' என்று யாராவது சொன்னால் யுனெஸ்கோ அதற்குச் சாட்சி இல்லை. பழையது செய்முறை. தட்டில் வருவது பல நூற்றாண்டுக் கலவை.

அந்தச் செய்முறையில் உயிர்நாடி சோளத்தைக் காரத்தில் வேகவைப்பது. மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம். மெக்சிகோ முழுக்கச் சுண்ணாம்பு போடுவார்கள், புரேபெச்சா வீடுகளில் கொருண்டா என்ற, இலையில் மடித்து அவிக்கும் சோளமாவுப் பண்டத்துக்கு விறகுச் சாம்பல். காரம் பட்டதும் மேல்தோல் கழன்று வந்துவிடும், மாவுக்குப் பசைத்தன்மை வரும். அதைவிட முக்கியம், சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் விடுபடும். ஸ்பானியர்கள் சோளத்தை மட்டும் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை மறந்துவிட்டார்கள். சோளத்தையே நம்பியிருந்த வட இத்தாலிய ஏழைகளுக்கும், பின்னால் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலத்து ஏழைகளுக்கும் பெல்லக்ரா என்ற நோய் வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நமக்கு இந்தச் சங்கதி புரிவது சுலபம். தோல் நீங்கிய சோளத்தை 'மெத்தாத்தே'யில் அரைப்பார்கள். மூன்று கால் வைத்த சாய்வான அம்மி, முழங்கால் போட்டு அரைக்க வேண்டும். அடுப்பு மூன்று கல். 'பரங்குவா' என்பது அதன் புரேபெச்சா பெயர், வீட்டின் நடுவே அதைச் சுற்றித்தான் குடும்பம் உட்காரும். இன்று பல வீடுகளில் கேஸ் இருக்கிறது, மாவு மில்லில் அரைபடுகிறது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் விழா என்றால் மூன்று கல் திரும்ப வந்துவிடும்.

கொருண்டாவைச் செய்து பார்த்தால்தான் இதெல்லாம் கைக்குத் தெரியும். சாம்பலில் வெந்த சோள மாவில் கொழுப்பு சேர்த்து, காற்று ஏறும்வரை அடித்துப் பிசைவார்கள். ஒரு பொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கவேண்டும், அதுதான் பதம். சோளக்கதிரின் உறையில் இல்லாமல், செடியின் நீண்ட பச்சை இலையில் மடிப்பார்கள். இலையின் அகலமான பக்கத்தில் ஒரு பிடி மாவை வைத்து முக்கோணமாக ஒரு மடிப்பு, திருப்பி இன்னொரு மடிப்பு, இப்படி இலை தீரும்வரை உருட்டிக்கொண்டே போய் வாலைச் செருகிவிட்டால் நூலே வேண்டாம். கட்டியான கூர்முனைப் பொட்டலம் ஒன்று கையில் நிற்கும். சந்தையில் ஒரு நானாவிடம் கேட்டு நான் மடித்தது ஆவியில் வாய் பிளந்து மாவைக் கக்கிவிட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த அடுத்த இலையை வாங்கி, காம்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாக ஒரு முறை மடித்துக் காட்டிவிட்டு, பிறகு தன் வேகத்தில் பத்து மடித்துத் தள்ளினார். இருபது வருடம் கரண்டி பிடித்த கைக்கு அன்று நல்ல பாடம். இலையைப் பிரித்தால் மாவில் அதன் பச்சை வாசனை ஏறியிருக்கும். மேலே தக்காளிச் சட்னி, க்ரீம், சீஸ்.

இதில் எது பூர்வீகம்? சோளம், சாம்பல், இலை, தக்காளி, மிளகாய் எல்லாம் ஸ்பானியருக்கு முந்தையவை. க்ரீமும் சீஸும் மாட்டோடு வந்தவை. மாவில் போடும் கொழுப்பு பன்றிக்கொழுப்பு, அதுவும் ஸ்பானியர் கொண்டுவந்த பன்றி. அதற்கு முன் தமால் வகைகள், அதாவது கொருண்டா போல மடித்து அவிக்கும் சோளமாவுப் பண்டங்கள், கொழுப்பில்லாமல்தான் இருந்தன. நீங்கள் சைவம் என்பதால் இங்கேதான் கவனம் தேவை. பார்த்தால் சோளமாவு, உள்ளே பன்றி. சுரிப்போ என்ற சிவந்த மிளகாய்ச் சாறும் அப்படித்தான். கொருண்டாவைத் தொட்டுச் சாப்பிடும் விருந்துணவு அது, மிளகாய் இந்த மண்ணுடையது, மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் கடல் தாண்டி வந்தவை. மிச்சோவகானின் அடையாளமாகச் சொல்லும் கறுப்பு விதை 'பெரோன்' மிளகாய்கூட ஆண்டிஸ் மலைச் செடிதான், மெக்சிகோவுக்கு வெகு காலம் கழித்து வந்தது. உணவகங்கள் 'தராஸ்க சூப்' என்று பெருமையோடு பரிமாறும் பயறு சூப், போன நூற்றாண்டின் நடுவில் பாட்ஸ்குவாரோ உணவகங்களில் பிரபலமானது. தராஸ்கோ என்பதே ஸ்பானியர் வைத்த பெயர், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது புரேபெச்சா. சூப் ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பழமை என்று மட்டும் நினைக்காதீர்கள். அடியில் கோழிச்சாறு ஊற்றுவது வழக்கம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலப்பில்லாமல் பழையது வேண்டுமென்றால் 'அத்தோலே தே கிரானோ' தேடுங்கள். இளஞ்சோள முத்துகளை முழுசாகப் போட்டு, மாவு கரைத்து, காட்டுச் சோம்புத் தழையின் சாறு சேர்த்துக் கொதிக்கவிட்ட பச்சைக் கஞ்சி. இனிப்பு கிடையாது. மண்சட்டியில் ஊற்றி, உப்பும் மிளகாயும் போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். எலுமிச்சை மட்டும்தான் வெளியூர்ச் சரக்கு. முழுச் சைவம். அந்திக் குளிரில், கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊரில், இதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றும். 'அட்டாபாக்குவா' என்ற வகையும் உங்களுக்கு உகந்தது. மிளகாய்க் குழம்பைச் சோளமாவு கரைத்துக் கெட்டியாக்குவது. அது ஒரு குழம்பின் பெயர் இல்லை, முறையின் பெயர். காளான் போட்டு, பீன்ஸ் போட்டு, கள்ளி மடல் போட்டு என்று பல உண்டு, கறியும் மீனும் போடுவதும் உண்டு. மழைக்காலத்தில் போனால் 'உச்செப்போ' கிடைக்கும். பாலேறிய இளஞ்சோளத்தை அரைத்து அதன் உறையிலேயே வைத்து அவித்தது, லேசான இனிப்பு. பெரும்பாலும் பாலும் வெண்ணெயும்தான் சேர்ப்பார்கள்.

மீன் சாப்பிடாதவர் என்றாலும் ஏரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. பாட்ஸ்குவாரோவின் பெருமையே ஒரு காலத்தில் கண்ணாடி போன்ற 'வெள்ளை மீன்'. இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சிய மீன்பிடி, காடழிப்பால் வந்து சேர்ந்த வண்டல், கழிவுநீர், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் என்று காரணம் பல. ஒரு உணவகத்தில் அந்தப் பெயரைச் சொல்லி எனக்கு வைத்த மீன் வேறு ஏதோ ஏரி மீன் என்பது தட்டைப் பார்த்ததும் தெரிந்தது. 2024 வறட்சியில் ஏரி வெகுதூரம் உள்வாங்கியது. அவகாடோ தோப்புகளுக்காகத் தண்ணீரை லாரிகளில் உறிஞ்சிக்கொண்டு போவதாக ஊர்மக்களே புகார் சொன்னார்கள். உலகில் இந்த ஏரியில் மட்டும் வாழும் 'அச்சோக்கே' என்ற நீர்ப்பல்லியை ஊரிலிருக்கும் ஒரு டொமினிக்கன் கன்னியர் மடம் தொட்டிகளில் வளர்க்கிறது. இருமல் மருந்து செய்யத் தொடங்கிய வளர்ப்பு, இன்று அந்த இனத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு மேசையிலிருந்து ஏரியைப் பிரித்துப் பார்க்கவே முடியாது. ஏரி வற்றினால் சந்தையில் ஒரு மூலை காலி. மீன் கொண்டுவரும் பெண்கள் அதைக் காய்கறிக்கும் சோளத்துக்கும் பண்டமாற்று செய்யும் பழக்கம் இன்னும் மிச்சமிருக்கிறது.

நவம்பர் தொடக்கத்தில் போவதானால் 1ஆம் தேதி இரவு, இறந்தவர்களின் இரவு, ஏரிக் கிராமங்களின் கல்லறைகளில் பார்ப்பீர்கள். அங்கே குவிந்திருக்கும் ஆரஞ்சுப் பூவைப் பார்த்து நம் ஊர்ச் செண்டுமல்லி என்பீர்கள். அதேதான். மெக்சிகோதான் அதன் சொந்த ஊர், நம் மாலைக்கும் மிளகாய்க்கும் அங்கிருந்துதான் பயணம் தொடங்கியது. சப்போட்டா என்ற சொல்லும் அஸ்டெக்குகளின் மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக நம் வாய்க்கு வந்ததுதான். ஆனால் அந்த இரவு அவர்களுக்குக் காட்சி அல்ல. செத்துப்போன அம்மாவுக்குப் பிடித்த ரொட்டியும் பழமும் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முகத்தில் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். ஹானிட்சியோவின் நெரிசல் வேண்டாம் என்றால் சின்னக் கிராமங்களுக்குப் போகலாம், அங்கேயும் முதலில் அனுமதி கேளுங்கள்.

கடைசியாக, கையில் வைத்துக்கொள்ள இரண்டு வாக்கியம். கொருண்டா வாங்கும் இடத்தில் "தியேனே மன்தேக்கா?" என்று கேளுங்கள், பன்றிக்கொழுப்பு இருக்கிறதா என்று அர்த்தம். சூப் கேட்டால் "எல் கால்தோ எஸ் தே போயோ?" சாறு கோழியுடையதா? சந்தைப் பெண்கள் மறைக்க மாட்டார்கள், "சீ", அதாவது ஆமாம், என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். ஒன்றும் ஒத்துவராவிட்டால் பெரிய சதுக்கத்துத் தாழ்வாரத்தில் 'நியேவே தே பாஸ்தா' கிடைக்கும். பாலை பாதாமும் பட்டையும் போட்டுச் சுண்டக் காய்ச்சி, ஐஸும் உப்பும் நிரப்பிய மர வாளியில் சுற்றி எடுத்த ஐஸ்க்ரீம். நம் திரட்டுப்பாலை உறைய வைத்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். இரண்டு கப்பாக வாங்கிக்கொள்ளுங்கள், திரும்ப வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.